பல்கலைக்கழகமும் நம் சங்கமும்

வலங்கைமானில் 1869 ஆம் ஆண்டு ஓர் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, ஆங்கிலச் சொல்வன்மையால் உலகெங்கும் பெயர் பெற்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை நம் அங்கத்தினர்களில் அறியாதார் இரார். ஆயினும் அவரைச் சிறந்த பேச்சாளர் என்று போற்றுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவர் வாழ்க்கையில் நமக்கு இன்னும் நெருங்கிய செய்திகள் இரண்டு உண்டு. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது, 1904 ஆம் ஆண்டில், திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவர் ஒருவர். பின்னர் 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவரும் அவரே. சங்கத்தையும் சர்வகலாசாலையையும் ஒரே ஆயுளில் நடத்திப் பார்த்த ஒருவர் இவ்வூரில் தோன்றியவர் என்பதைச் சொல்லித் தொடங்குவது பொருந்தும் என எண்ணுகிறோம்; நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரண்டுக்கும் இடையே இருக்கவேண்டிய உறவைப் பற்றியதே.

ஐக்கிய நாடுகள் சபை 2015 ஆம் ஆண்டு வளங்குன்றா வளர்ச்சிக்கென 17 இலக்குகளை வகுத்தது. வறுமை ஒழிப்பில் தொடங்கும் அந்த வரிசையின் கடைசி இலக்கு, ஏனையவற்றையெல்லாம் கூட்டு முயற்சியால் நிறைவேற்றவேண்டும் என்பது. அது முதற்கொண்டு உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அரசாங்கங்களோடும் தொழில் நிறுவனங்களோடும் பிறநாட்டுக் கலாசாலைகளோடும் உடன்படிக்கைகள் செய்துகொண்டு வருகின்றன. இரு தரப்பாரும் கையொப்பமிட்டு, தோல் உறையிட்ட ஏடுகளை மாற்றிக்கொண்டு நிற்கும் படங்களை நாளிதழ்களில் பார்க்கிறோம். அந்தப் படங்களில் உழுகிறவர் எங்கே, நெய்கிறவர் எங்கே என்று தேடினால் பெரும்பாலும் காணக் கிடைப்பதில்லை. ஒப்பந்தத்தின் உட்பக்கம் ஒன்றில், 'பயனாளிகள்' என்ற பெயரில் அவர்கள் இருப்பார்கள்.

இந்தப் பெயரை நம் சங்கங்கள் ஏற்கலாகாது என்பதே நம் கருத்து. பல்கலைக்கழகம் நம் வயலுக்கும் தறிக்கும் வரவேண்டும், வராமல் தீராது. ஆனால் அது வரும்போது சங்கம் கையொப்பமிடும் தரப்பாக இருக்கவேண்டும். எதை ஆராய்வது, யார் நிலத்தில் ஆராய்வது, முடிவை யாருக்குச் சொல்வது என்ற மூன்றிலும் நமக்குப் பேச்சுரிமை வேண்டும். இதை வீம்புக்காகச் சொல்லவில்லை. இந்த டெல்டாவில் நூறாண்டுகளாக நடந்துவந்ததைப் பார்த்தே சொல்லுகிறோம்.

பல்கலைக்கழகம் என்பது நமக்கு எட்டாத மாளிகை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. கும்பகோணத்தைக் கடந்து மாயூரம் சாலையில் சென்றால் ஆடுதுறை. அங்கே நெல் ஆராய்ச்சிப் பண்ணை 1922 ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. நம் மூதாதையர் 'பண்ணை' என்று சொன்னால் அதைத்தான் சொன்னார்கள். கோயம்புத்தூரில் விவசாயக் கல்லூரி 1906 ஆம் ஆண்டு முதலும், நெல் இனப்பெருக்க நிலையம் 1912 ஆம் ஆண்டு முதலும் இருந்துவர, அவையும் ஆடுதுறையும் பிற பண்ணைகளும் 1971 ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் குடையின்கீழ் வந்தன. விவசாயிக்கு அருகிலேயே விஞ்ஞானத்தைக் கொண்டுவருவதற்கென்று ஏற்பட்ட வேளாண் அறிவியல் நிலையங்களில் இந்தியாவிலேயே முதலாவது, 1974 ஆம் ஆண்டு இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கிற்று. அவ்வகை நிலையம் ஒன்று நம் மன்னார்குடிச் சாலையிலேயே, நீடாமங்கலத்தில் இருக்கிறது. வலங்கைமானிலிருந்து பஸ் ஏறினால் காலை வேலை முடித்துச் சென்று பகலுணவுக்குத் திரும்பிவிடலாம். நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் அதன் வாயிற்படி ஏறியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

ஆடுதுறை 27 என்னும் நெல்லை வயதில் மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். 1921 இல் கோயம்புத்தூரில் வெளியான ஜி.ஈ.பி. 24 என்னும் புகழ்பெற்ற இனத்தையும் ஜப்பானிய நெல்லாகிய நோரின் 10 ஐயும் சேர்த்து உண்டாக்கப்பட்ட ஒட்டு வம்சத்திலிருந்து அது தேர்ந்தெடுக்கப்பட்டது. 1960 களின் நடுவில் அது குறுவைக்கு வந்தபோது தஞ்சைத் தரணியில் ஒருபோக நிலங்கள் பல இருபோகமாயின. அப்போது நம் ஜில்லாவில் 'பாக்கேஜ் திட்டம்' என்று பேசப்பட்ட தீவிர விவசாயத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்தியாவில் முதலில் பொறுக்கியெடுத்த ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூர் ஒன்று. 1960 இல் தொடங்கிய அத்திட்டத்திற்கு அமெரிக்காவின் போர்டு ஸ்தாபனம் துணை நின்றது. விதை, உரம், மருந்து, கடன், யோசனை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவது அதன் தத்துவம். கடனையும் உரத்தையும் கொண்டுசேர்க்கும் வேலை கூட்டுறவுச் சங்கங்களின் தலையில் விழுந்தது. பெரியவர்கள் நாவில் 'ஐக்கிய நாணய சங்கம்' என்றே இருந்துவந்த நம் சிறு சங்கங்கள் உரக்கிடங்கும் விதைக்கிடங்கும் உடையவையாக வளர்ந்தது அந்த நாளில்தான்.

அந்தக் கூட்டுறவால் நன்மை விளைந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் சங்கத்தின் இடம் என்ன? மூட்டையைச் சுமந்து சென்று இறக்குவது. மூட்டைக்குள் என்ன இருக்கவேண்டும் என்று எவரும் நம்மைக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. நிலமுடையவர் எவ்வளவு, குத்தகைதாரர் எவ்வளவு, கூலிக்கு வருபவர் எவ்வளவு பெறுகிறார் என்ற கணக்கு மகசூல் அட்டவணையில் இடம்பெறவில்லை. மகசூல் ஏறிய அதே ஆண்டுகளில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளருக்கும் நிலவுடைமையாளருக்கும் பகை முற்றிற்று. 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, அக்காலத்துத் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் உயிரோடு எரிக்கப்பட்டனர். புதிய விதை அதற்குக் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நாமும் சொல்லவில்லை. எனினும், ஒரு ஜில்லாவின் விவசாயம் முழுவதையும் மாற்றியமைக்கப் புகுந்த கூட்டு முயற்சியில், அந்த நிலத்தில் குனிந்து நட்டவர்களின் சார்பில் பேச ஓர் அமைப்பும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது. அன்று சங்கங்களின் நிர்வாகத்தில் இருந்தவர்கள் யார் என்பதையும் நாணயமாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி நம் காலத்திற்கு வருவோம். வெள்ளம் தாங்கும் நெல்லின் கதை, பல்கலைக்கழகக் கூட்டு முயற்சி நன்கு நடந்தால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும், எந்த இடத்தில் வந்து நின்றுவிடும் என்பதற்கும் ஒருங்கே சான்றாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா நடவு மூழ்குவது நமக்குப் புதிதன்று. நீருக்குள் அகப்பட்ட சாதாரணப் பயிர் மூச்சுக்காகத் தன்னை நீட்டி நீட்டி வளர்ந்து, சேர்த்துவைத்த சத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறது. தண்ணீர் வடிந்ததும் நிற்க வலுவின்றிச் சாய்கிறது. ஒடிசாவின் தாழ்நிலத்து விவசாயிகள் வழிவழியாகப் பயிரிட்ட ஒரு நெல்லுக்கு வேறு குணம் இருந்தது. அது மூழ்கியவுடன் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். நீர் வடிந்தபின் தளிர்க்கும். அதிலிருந்து தேர்ந்தெடுத்து எப்.ஆர். 13ஏ என்று பெயரிட்டார்கள். ஆயினும் அது விளைச்சல் குறைந்த இனம். ஆகையால் பல்லாண்டுகள் விதைக் களஞ்சியத்தில் கிடந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டேவிட் மக்கில் முதலானோர் 1990 களில் அதன் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் ஓரிடத்தில் இருப்பதைக் கண்டனர். அங்கேயே பமேலா ரொனால்ட் குழுவினரும், பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பானோஸில் 1960 இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து அதற்குரிய மரபணுவை இன்னதென்று 2006 ஆம் ஆண்டு வெளியிட்டனர். பின்னர் அக்குணத்தை மக்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் இனங்களில், ஒட்டுச் சேர்த்துத் திரும்பத் திரும்பத் தாய் இனத்தோடே கலக்கும் பழைய முறையால் புகுத்தினார்கள். 2009 இல் இந்தியாவில் 'சுவர்ணா சப் 1' வெளியாயிற்று.

நம் நாட்டில் சம்பாவுக்குப் பெயர்போன நெல் சி.ஆர். 1009. குட்டையும் பருமனுமான அரிசி. இட்லிக்கு இதைவிட உகந்தது வேறில்லை என்பார்கள் வீட்டுப் பெண்கள். பொன்மணி என்றொரு பெயரும் அதற்கு உண்டு. அதுவும் கட்டாக்கில் பிறந்ததே. கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகமும் லாஸ் பானோஸ் நிலையமும் சேர்ந்து அதற்கு வெள்ளம் தாங்கும் குணத்தை ஊட்டின. இன்று சி.ஆர். 1009 சப் 1 என்னும் நெல் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மூழ்கியிருந்தாலும் பிழைக்கிறது. ஒடிசாவின் உழவர், கலிபோர்னியாவின் ஆய்வுக்கூடம், பிலிப்பைன்ஸின் நிலையம், கோயம்புத்தூரின் பல்கலைக்கழகம் என்று நான்கு கை மாறி வந்த செல்வம் இது. இப்படியொரு கூட்டு முயற்சியைக் குறைத்துப் பேசுகிறவன் நன்றி கெட்டவனாவான்.

ஆனால், வயலில் நின்று கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. பயிர் இரண்டு வாரம் தாங்கும்; வடிகால் திறந்திருந்தால் அல்லவா இரண்டு வாரத்தில் தண்ணீர் போகும்? நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்கும் வடிவாய்க்காலில் மூன்றாவது வாரமும் தண்ணீர் நின்றால் எந்த மரபணுவும் உதவாது. வடிகாலைப் பற்றி நெல் நிபுணரிடம் கேட்டால் அது தம் துறையன்று என்பார். அவர் சொல்வதும் நியாயமே. நீர்வளத் துறையாரைக் கேட்டால் நெல்லைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. இருவரையும் ஒரே வரப்பில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியவர் யார்? அந்த வரப்புக்குச் சொந்தக்காரர்களின் சங்கமே அல்லவா?

இன்னொன்று. மேட்டூர் அணை 1934 இல் திறக்கப்பட்டது முதல் ஜூன் 12 ஆம் தேதியை நோக்கியே நம் குறுவைக் கணக்கு இருந்துவருகிறது. தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் நாற்றங்காலுக்குக் காத்திராமல் நேரடியாக விதைத்துவிடுகிறோம். நடவுக் கூலி கட்டுப்படாமையாலும் விதைக்கிறோம். அப்படி விதைத்த நாலாம் நாள், ஐந்தாம் நாள் பெருமழை பிடித்தால் முளை நீருக்குள்ளேயே அழுகிப்போகிறது. மேற்சொன்ன குணமோ வேர்பிடித்து வளர்ந்த பயிரைத்தான் காக்கும்; முளைக்கும் விதையைக் காக்காது. அதற்கு வேறு குணம் வேண்டும். மியன்மாரின் நாட்டு நெல் ஒன்றில் அது இருப்பதையும் லாஸ் பானோஸ் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். நமக்கு வேண்டிய இனத்தில் அது சேரவேண்டுமானால், 'எங்கள் ஊரில் இத்தனை மா நிலம் நேரடி விதைப்பு, இன்ன ஆண்டில் இத்தனை மா அழிந்தது' என்று யாராவது எழுதிக் கேட்கவேண்டும். தனி விவசாயி கேட்டால் அது புலம்பல் என்று போகும். நானூறு அங்கத்தினரின் கணக்கோடு சங்கம் கேட்டால் அது ஆராய்ச்சிக்குரிய வினாவாகும்.

திருந்திய நெல் சாகுபடியில் நேர்ந்ததையும் இங்கே சுருக்கமாகச் சொல்லவேண்டும். மடகாஸ்கரில் பணிபுரிந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1980 களில் கண்ட முறை அது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் அதை உலகறியச் செய்தது. கோயம்புத்தூரார் இம்மண்ணுக்கேற்பச் சோதித்துத் தந்தார்கள். பதினான்கு நாள் இளநாற்று, குத்துக்கு ஒரே நாற்று, சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர். விதையும் நீரும் பெரிதும் மிச்சம். முறையில் குற்றமில்லை. இருந்தும் நம் பகுதியில் பலர் ஓரிரு பருவம் செய்துவிட்டு விட்டார்கள். ஏன்? முடிச்சு முடிச்சாக விரைந்து நட்டுப் பழகிய பெண்கள், கயிறு பிடித்து ஒற்றை நாற்றாக நடுவதற்கு ஏக்கருக்குப் பேசிய அதே கூலியை எப்படி ஏற்பார்கள்? களையெடுக்கும் உருளைக் கருவியை எங்கள் களிமண்ணில் நாள் முழுதும் தள்ளுவதற்கு யாருடைய தோள் வேண்டும்? தண்ணீரையும் மகசூலையும் அளந்தவர்கள் இவற்றை அளக்காமற்போனது, நடவுப் பெண்கள் எவரும் திட்டத்தை வகுக்கும்போது உடனில்லாமையாலேயே என்று நாம் கருதுகிறோம். அவர்களும் இன்று நம் சங்கங்களில் அங்கத்தினர்களாக இருக்கிறார்கள் என்பதை நினைவிற்கொள்க.

தறியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நெசவாள அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபம் நியாயமானதுதான். அவர்கள் கதை இதைவிடப் பழையது. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்து பின்னர் சென்னை அரசாங்கத்தின் கைத்தொழில் அதிகாரியாக உயர்ந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்பார், கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவைக் கைத்தறியாளரிடையே பரப்ப விரும்பி, 1906 ஆம் ஆண்டளவில் சேலத்தில் ஒரு நெசவுச் சாலையை அமைத்தார். நெசவாளர் அனைவரும் ஒரே கொட்டகையில், மணி அடித்தால் வந்து மணி அடித்தால் போகவேண்டும் என்பது ஏற்பாடு. கருவி நல்லது, ஆனால் வீட்டுத் தறியில், மனைவி மக்கள் நூல் சுற்ற, தம் நேரத்துக்குத் தாமே எஜமானராயிருந்து பழகியவர்களுக்குக் கொட்டகை பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில், 1910 இல், சாலை மூடப்பட்டது. நாடாவோ மூடப்படவில்லை. வீடு வீடாகப் பருத்தித் தறிகளில் அது ஏறிவிட்டது. பேராசிரியர் கொண்டுவந்த இரண்டில் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை நெசவாளர் விட்டுவிட்டார்கள். முதலிலேயே அவர்களைக் கலந்துகொண்டிருந்தால் கொட்டகைச் செலவு மிச்சமாகியிருக்கும்.

ஆடுதுறைக்குப் போகும் அதே சாலையில், சற்று முன்னதாகவே திருபுவனம் வந்துவிடும். அங்கே 1955 ஆம் ஆண்டு தோன்றிய பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை நாம் அறிவோம். அவர்கள் பட்டுச்சேலையை விசிறி மடிப்பாக மடிப்பதே ஓர் அழகு. திருபுவனம் பட்டுச்சேலைக்கு 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் கவனிக்கவேண்டியது, அதற்கு விண்ணப்பித்தவர் யார் என்பதே. நெசவாளர் சங்கம்தான் விண்ணப்பித்தது. அப்பெயரை வேறெவரும் பொய்யாகச் சூட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் உரிமை அதனால் சங்கத்தின் கையிலிருக்கிறது. 1960 முதல் சேலத்தில் நடந்துவரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமோ வேறு எந்தக் கல்லூரியோ நாளை சாயத்தைப் பற்றியோ புட்டா போடும் கருவியைப் பற்றியோ உடன்படிக்கை பேச வந்தால், திருபுவனத்தார் வெறுங்கையோடு எதிரில் உட்காரமாட்டார்கள். ஒரு பெயர் அவர்களுடையது. அதைக் கொடுக்கவும் மறுக்கவும் அவர்களால் முடியும்.

நெல் பயிரிடுவோர் கையில் அவ்வாறு என்ன இருக்கிறது? விதை இருக்கிறது, அல்லது இருந்தது. நம் திருவாரூர் மாவட்டத்து ஆதிரெங்கத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன், 2018 இல் காலமாகுமுன், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாட்டு நெல் இனங்களைத் தேடிச் சேர்த்தார். திருத்துறைப்பூண்டித் திருவிழாவில் இரண்டு கிலோ விதை பெற்றுச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. வட்டியுண்டு, வழக்கில்லை, கடனுண்டு, ஜாமீனில்லை. கூட்டுறவுச் சட்டத்தின் ஒரு பிரிவையும் சொல்லாமல் கூட்டுறவை நடத்திக் காட்டினார். அவருக்கு வழிகாட்டியாக விளங்கிய கோ. நம்மாழ்வார், சாஸ்திரியார் துணைவேந்தராக இருந்த அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பட்டம் பெற்றவர். கோவில்பட்டிப் பண்ணையில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த அவர், அங்கே செய்யும் ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்குப் பயன்படவில்லை என்று கண்டு 1969 இல் வெளியேறினார். அவர் கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்கிறோம் என்பதில்லை. ரசாயன உரமின்றி இந்த டெல்டா முழுவதும் சோறு போட இயலுமா என்பதில் நமக்கு ஐயமுண்டு. ஆனால் அவரைப் போன்ற ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ள அன்றைய ஆராய்ச்சி அமைப்புக்கு இயலாமற்போனது நஷ்டமே. நாட்டு இனங்களில் ஏதோ ஒன்றில், எப்.ஆர். 13ஏ யில் இருந்தது போல், நாளைக்கு வேண்டிய ஒரு குணம் இருக்கக்கூடும். அதை நாம் வைத்திருந்தால்தான் ஆய்வுக்கூடத்தார் நம்மிடம் கேட்டு வருவார்கள். விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும், முத்திரைப் பெயரின்றி விற்கவும் 2001 ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் நம் பெயருக்கு இனங்களைப் பதிந்துகொள்ளவும் வழியிருக்கிறது.

புதிய இனங்களிலும் நமக்கு வேலையுண்டு. பல்கலைக்கழகம் தரும் வல்லுநர் விதை ஆதார விதையாகி, அது சான்று விதையாகிப் பெருகினால்தான் ஊருக்குக் கிட்டும். இந்தப் பெருக்கத்தைச் சங்கமே, அங்கத்தினர் நிலங்களில், விதைச்சான்றுத் துறையில் பதிந்து செய்யலாம். சி.ஆர். 1009 சப் 1 ஐ ஒவ்வொரு சங்கமும் ஐந்து ஏக்கரில் பெருக்கினாலே சுற்றுவட்டாரத்துக்குப் போதுமான விதை தேறும். தனியார் கடையில் ரசீதின்றி வாங்கிக் கலப்புக் கதிரைக் கண்டு தலையில் கைவைப்பதைவிட இது மேல்.

நம் பங்குக் குற்றங்களையும் மறைக்கலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தார் நம் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்தார்கள். எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப் போவதில்லை. அச்சிட்ட தாள்களில் நாற்பதுக்கு மேற்பட்ட கேள்விகள் கேட்டார்கள், மண் எடுத்தார்கள், கதிர் அறுத்து நிறுத்தார்கள், படம் பிடித்தார்கள். நாம் மோர் கொடுத்து உபசரித்தோம். மண்ணில் என்ன கண்டார்கள் என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. குறை அவர்களுடையது மட்டுமா? முடிவை இன்ன நாளில் வந்து தமிழில் சொல்லவேண்டும் என்று அன்று ஒரு கடிதமேனும் எழுதி வாங்கினோமா? சங்கத்தின் பெயர்ப்பலகையருகே நின்று படமெடுத்துக்கொண்டதில் நமக்கு மகிழ்ச்சியாயிருந்தது; அவ்வளவே. பேரவைக் கூட்டம் கூட்டினால் கோரம் சேர்வதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. மகசூல் எவ்வளவு என்று கேட்டால் வாய்க்கணக்கு. வெள்ளம் என்று நின்றது என்று கேட்டால் 'போன தீபாவளிக்கு முந்தி' என்ற பதில். இப்படிப்பட்ட சங்கத்தோடு எந்தப் பேராசிரியர் சரிசமமாகப் பேசுவார்?

பேராசிரியர்களின் சங்கடத்தையும் நாம் உணரவேண்டும். திட்டம் மூன்றாண்டுக்கு மேல் நீடிப்பதில்லை. பணம் நின்றதும் ஆளையும் மாற்றிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வுரைதான் அவர்களுக்குப் பதவி உயர்வு தருகிறது. வலங்கைமான் சங்கத்துத் திண்ணையில் ஒரு மாலைப்பொழுது பேசியதற்கு எவரும் மதிப்பெண் போடுவதில்லை. அமெரிக்காவில் 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாணந்தோறும் விவசாயக் கல்லூரிகள் எழுந்தும், அவற்றின் அறிவு வயலுக்குப் போகவில்லை என்று கண்டு, 1914 இல் வேறொரு சட்டம் செய்து விரிவாக்கப் பணிக்கென்றே தனிப் பணம் ஒதுக்கினார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டு பிடித்தது அவர்களுக்கு. பேச வருவதையும் பேராசிரியரின் வேலையாகவே கணக்கிட வேண்டும் என்று நம் கூட்டுறவு ஒன்றியங்கள் அரசாங்கத்தையும் பல்கலைக்கழகத்தையும் வற்புறுத்தலாம்.

ஆகவே, எந்தப் பல்கலைக்கழகம் உடன்படிக்கைத் தாளோடு வந்தாலும் நம் நிர்வாகக் குழு முதலில் அதைத் தமிழில் கேட்கவேண்டும். சோதனை வயல் சாலையோரத்துப் பெரிய நிலத்தில் மட்டும் அமையாமல், கடைமடையில் இரண்டு மா வைத்திருக்கும் குத்தகைதாரர் நிலத்திலும் அமையவேண்டும் என்று கோரவேண்டும். பயிர் போனால் அவருக்கு ஈடு யார் தருவது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். கூலிக் கணக்கும் மகசூல் கணக்கோடு சேர்ந்து வரட்டும். நம்மிடமிருந்து எடுத்துச் செல்லும் விதைக்கும் மாதிரிக்கும் ரசீது வேண்டும். திட்டம் முடிந்தபின் கருவி யாரிடம் இருக்கும், அதைப் பழுதுபார்ப்பவர் யார் என்ற கேள்வி அற்பமாகத் தோன்றும். துருப்பிடித்துக் கிடக்கும் உருளைக் களைக்கருவிகளைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

இதற்கு ஆயத்தமாக நம் சங்கத்தில் ஒரு சிறு வேலையைத் தொடங்க எண்ணுகிறோம். வரும் பருவமழையில், குடமுருட்டிப் பாசனத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வயலில் தண்ணீர் ஏறிய நாள், வடிந்த நாள், அப்போது பயிரின் வயது, நட்டதா விதைத்ததா என்ற நான்கையும் குறித்துக் கொடுக்க வேண்டுகிறோம். நெசவாள அங்கத்தினர்கள், மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை நின்ற நாட்களையும், சாயம் காயாமற்போன நாட்களையும் குறிக்கலாம். எழுத இயலாதவர்கள் காரியதரிசியிடம் வாயால் சொன்னால் போதும். அவர் பேரேட்டில் பதிந்துகொள்வார். தை மாதம் அறுவடை ஓய்ந்ததும் அப்பேரேட்டை எடுத்துக்கொண்டு, அங்கத்தினர்கள் பத்துப் பேர், அவர்களில் நடவுப் பெண்கள் இருவரேனும், நீடாமங்கலத்துக்கும் ஆடுதுறைக்கும் போய்வருவது என்று உத்தேசித்திருக்கிறோம். உடன்வர விரும்புவோர் கார்த்திகை முடிவதற்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பஸ் சத்தத்தை அவரவர் கொண்டுவரவேண்டும்.